திருமணத்தில் ஆடத் தயாராவது எப்படி: பாடல் தேர்விலிருந்து கடைசி நிலை வரை

திருமண வரவேற்பில் ஆடுவதென்று முடிவெடுக்கும் இருவரில் பெரும்பாலும் ஒருவருக்கு ஆட்டம் ஓரளவு தெரிந்திருக்கும். மற்றவர் சிறு வயதுக்குப் பிறகு தாளத்துக்குக் கால் எடுத்து வைத்தே இருக்க மாட்டார். இந்த வழிகாட்டியை அந்த இரண்டாமவரை மனத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். மணமக்களுக்கும் அவர்களுடைய உறவினர்களுக்கும் பல ஆண்டுகளாக ஆடக் கற்றுக்கொடுத்து வருகிறேன். மேடையில் ஆட்டம் கெட்டுப்போன தருணங்களை நினைத்துப் பார்த்தால், கடினமான அடியால் கெட்டவை மிகக் குறைவு. பாடல் எந்த இடத்தில் எடுக்கிறது என்பது மனத்தில் பதியாதது, பழகாத காலணி, காலடியில் சிக்கிய ஆடை விளிம்பு, ஓர் அடி தவறியதும் கைகால் ஓடாமல் நின்றுவிட்டது ஆகியவையே காரணமாக இருந்திருக்கின்றன. ஆகவே கீழே அடிகளுக்குக் கொடுத்ததைவிட இவற்றுக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

படி 1: அளவைத் தீர்மானியுங்கள்

பாடலைத் தேடத் தொடங்கும் முன் இருவரும் உட்கார்ந்து மூன்று விஷயங்களைப் பேசி முடியுங்கள்: எவ்வளவு நேரம் ஆடப்போகிறீர்கள், எவ்வளவு இடத்தில் ஆடப்போகிறீர்கள், பயிற்சிக்கு வாரத்தில் எத்தனை நாள் ஒதுக்க முடியும். புதிதாக ஆடுபவர்களுக்கு 2 நிமிடத்திலிருந்து இரண்டரை நிமிடம் வரை போதும் என்பது என் உறுதியான கருத்து. அதற்கு மேல் போனால் அடிகளின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும் அல்லது அதே அடிகளைப் பார்ப்பவர் சலிக்குமளவுக்குத் திரும்பச் செய்ய வேண்டும். கனமான உடையில் மூச்சும் வாங்கும்.

நேரம் 8 வாரம் இருப்பது நல்லது. வாரத்துக்கு 3 நாள், நாளுக்கு 30 நிமிடம் என்று வைத்தால் மொத்தம் 12 மணி நேரம் கிடைக்கிறது. இரண்டரை நிமிட ஆட்டத்துக்கு இது தாராளம். அதே 12 மணி நேரத்தைக் கடைசி 4 நாளில் அடைத்தால் கால் வலிதான் மிஞ்சும். உடல் கற்றுக்கொண்ட அசைவு பயிற்சி நேரத்தில் பாதிதான் பதிகிறது. மீதி அதன் பிறகான தூக்கத்தில் பதிகிறது என்று சொல்லும் அளவுக்கு இடைவெளியும் உறக்கமும் முக்கியம். நேற்று வராத சுழற்சி இன்று காலையில் தானாக வருவதைக் கற்றுக்கொள்பவர்கள் வியந்து சொல்வதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன்.

படி 2: பாடலைக் காலால் தேர்ந்தெடுங்கள்

பாடலைக் காதால் கேட்டுப் பிடித்துப்போய்த் தேர்ந்தெடுப்பதே வழக்கம். அதற்கு முன் காலால் ஒரு முறை சோதித்துவிடுங்கள். பாடலை ஒலிக்கவிட்டு வீட்டுக்குள் அதன் தாளத்துக்கு நடந்து பாருங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் ஓர் அடி என்று, பேசிக்கொண்டே நடக்க முடிகிறதென்றால் அந்தப் பாடல் உங்களுக்கு ஏற்றது. ஓட வேண்டியிருந்தாலோ, ஒரு காலில் தள்ளாடிக்கொண்டு அடுத்த தட்டுக்குக் காத்திருக்க வேண்டியிருந்தாலோ அது ஏற்றதல்ல. மெதுவான பாடல் எளிது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் மிக மெதுவான பாடலில் ஒற்றைக் காலில் எடையைத் தாங்கி நிற்கும் நேரம் நீள்வதால் சமநிலை இல்லாதவர்களுக்கு அதுவே கடினம்.

வேகத்தை எண்ணிலும் குறித்துக்கொள்ளுங்கள். 15 விநாடிக்குள் எத்தனை தட்டு விழுகிறது என்று எண்ணி அதை 4 ஆல் பெருக்கினால் நிமிடத்துக்கான தட்டுகள் கிடைத்துவிடும். 24 தட்டு என்றால் நிமிடத்துக்கு 96. புதியவர்களுக்கு 90 முதல் 115 வரை உள்ள பாடல்களையே நான் பரிந்துரைக்கிறேன்.

அடுத்து நடையைக் கவனியுங்கள். பெரும்பாலான பாடல்கள் 'தகதிமி' என்று நான்காக ஓடும். சில 'தகிட' என்று மூன்றாக ஓடும். நமக்கிருப்பது இரண்டு கால் என்பதால் நான்கில் ஓடும் பாடலில் ஒவ்வொரு சுற்றும் அதே காலில் தொடங்கும். மூன்றில் ஓடும் பாடலில் முதல் தட்டு ஒரு முறை வலக்காலிலும் அடுத்த முறை இடக்காலிலும் மாறி மாறி விழும். வால்ட்ஸ் ஆட்டத்தின் அழகும் சிரமமும் இந்த ஒன்றில்தான் இருக்கின்றன. அதிலும் வேகம் பார்க்க வேண்டும்: போட்டிகளில் ஆடப்படும் மெதுவான வால்ட்ஸுக்கு நிமிடத்துக்கு 84 முதல் 90 தட்டு, வியன்னா வால்ட்ஸுக்கு 174 முதல் 180 தட்டு. இரண்டும் 'தகிட'தான், ஆனால் ஒன்று மற்றதைப்போல் இரண்டு மடங்கு வேகம். கேட்க மென்மையாக இருக்கிறதென்று இரண்டாவது வகைப் பாடலைத் தேர்ந்தெடுத்து, முதல் வகுப்பிலேயே மூச்சிரைத்து நின்ற இணைகள் உண்டு.

மூன்றாவதாக, எடுப்பு. சில பாடல்களில் வரி தாளத்தின் முதல் தட்டோடு சேர்ந்தே தொடங்கும். அது சம எடுப்பு. சிலவற்றில் முதல் தட்டு விழுந்த பிறகே வரி தொடங்கும். சங்கீதத்தில் அதை அனாகதம் என்பார்கள். வேறு சிலவற்றில் ஓரிரு சொற்கள் தட்டுக்கு முன்பே வந்துவிடும், அது அதீதம். இசை படித்திருக்க வேண்டிய அவசியமில்லை. ஆனால் உங்கள் பாடல் இந்த மூன்றில் எது என்று தெரிந்திருக்க வேண்டும். ஏனென்றால் ஆடத் தெரியாதவர் தாளத்தை விட்டுவிட்டு வரியைத்தான் பிடித்துக்கொள்வார். அனாகத எடுப்பில் அமைந்த பாடலில் வரியைக் கேட்டுக் கால் வைப்பவர் இரண்டரை நிமிடமும் தன் இணைக்கு ஒரு தட்டுப் பின்தங்கியே ஆடிக்கொண்டிருப்பார். தாளக் கருவியின் கனத்த ஒலியை மட்டும் கேட்டு, வரியைக் காதில் வாங்காமல் கை தட்டிப் பழகுவதே இதற்கு மருந்து.

தாளமில்லாத விருத்தம் போன்ற தொடக்கமோ நடுவில் வேகம் மாறும் இடையிசையோ இருந்தால் கவலைப்பட வேண்டாம், ஆனால் அங்கே எண்ணி ஆடும் அடிகளை வைக்காதீர்கள். தொடக்கம் அப்படி இருந்தால் அதை மேடைக்கு நடந்து வருவதற்குப் பயன்படுத்தலாம். இன்னொன்று: பாடல் வரிகளை முதலிலிருந்து கடைசி வரை ஒரு முறை படித்துப் பாருங்கள். பல்லவியில் கொஞ்சிவிட்டு இரண்டாம் சரணத்தில் பிரிவைப் பாடும் பாடல்கள் நிறைய இருக்கின்றன.

படி 3: பாடலை வெட்டி ஒரே கோப்பாக்குங்கள்

நான்கரை நிமிடப் பாடலை இரண்டரை நிமிடமாக்க ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளே போதும். வெட்டும் இடம் எட்டுத் தட்டுகள் முடிகிற இடமாக இருக்க வேண்டும். ஒட்டும் பகுதி முதல் தட்டில் தொடங்க வேண்டும். இந்த ஒரு விதியைக் கடைப்பிடித்தால் ஒட்டு பெரும்பாலும் காதில் உறுத்தாது. உறுத்தினால் பல்லவி திரும்ப வரும் இடத்தில் வெட்டிப் பாருங்கள்.

முடிவை மெல்ல மங்கும்படி அமைக்காதீர்கள் என்று வலியுறுத்திச் சொல்வேன். ஒலி மங்கும்போது எப்போது நிற்பதென்று ஆடுபவருக்கும் தெரியாது, எப்போது கை தட்டுவதென்று பார்ப்பவருக்கும் தெரியாது. கனத்த ஒரு தட்டோடு முடியும் இடத்தைக் கண்டுபிடித்து அங்கேயே வெட்டுங்கள். தொடக்கத்தில் 2 விநாடி மௌனம் சேர்த்துவிடுங்கள். சில கருவிகள் ஒலிக்கத் தொடங்கும்போது முதல் அரை விநாடியை விழுங்கிவிடும். வெட்டிய கோப்புக்கு மூலப் பாடலின் பெயரை வைக்காமல் உங்கள் இருவர் பெயரை வைத்துச் சேமியுங்கள். இதன் காரணம் பின்னால் வருகிறது.

படி 4: ஆட்டத்தைத் தாளில் எழுதுங்கள்

நிமிடத்துக்கு 96 தட்டுள்ள பாடலில் இரண்டரை நிமிடம் என்பது 240 தட்டு, அதாவது 30 எட்டுகள். ஒரு தாளை எடுத்து 30 கோடுகள் போட்டு, ஒவ்வொரு கோட்டின் இடப்பக்கத்திலும் அந்த எட்டில் கேட்கும் வரியையோ கருவியையோ எழுதுங்கள். வலப்பக்கத்தில் ஆட்டம் வரும். இப்படி எழுதிப் பார்த்தவுடன் மலைப்பு பாதியாகக் குறைந்துவிடும். எதை, எவ்வளவு கற்க வேண்டும் என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறதல்லவா?

முதல் 4 எட்டுகளையும் கடைசி 4 எட்டுகளையும் முதலில் நிரப்புங்கள். நுழைவும் முடிவும்தான் பார்ப்பவர் நினைவில் தங்குபவை. புகைப்படங்களும் அவற்றில்தான் அதிகம் எடுக்கப்படும். எங்கிருந்து வருகிறீர்கள், யார் முதலில், எந்தக் கையை நீட்டுகிறீர்கள், எந்தத் தட்டில் மற்றவர் அதைப் பிடிக்கிறார் என்பது வரை எழுதுங்கள். மீதமுள்ள 22 எட்டுகளுக்கு 5 அல்லது 6 அசைவுகள் போதும். ஒரே அசைவைத் திசை மாற்றியும், கை மாற்றியும், ஒரு முறை நெருங்கியும் ஒரு முறை விலகியும் செய்தால் அது திரும்ப வருவதாகவே தோன்றாது. பல்லவி வரும்போதெல்லாம் அதே அசைவு வருமாறு அமைத்தால் நினைவில் வைப்பதும் எளிது.

படி 5: அடிகளைக் கற்றுக்கொள்ளுங்கள், எடையை மாற்றக் கற்றுக்கொண்ட பிறகு

எந்த அசைவுக்கும் முன்னால் ஒரு சிறிய பாடம் உண்டு. நேராக நின்று, வலக்காலைப் பக்கவாட்டில் ஒரு சாண் தள்ளி வையுங்கள். இப்போது இடக்காலைத் தரையிலிருந்து தூக்க முடிகிறதா? முடிந்தால் உங்கள் எடை முழுதாக வலக்காலுக்குப் போயிருக்கிறது. முடியாவிட்டால் கால் போயிருக்கிறது, உடல் போகவில்லை. புதியவர்களில் பெரும்பாலோர் இரண்டு காலிலும் எடையைப் பகிர்ந்துகொண்டு நிற்பதால்தான் அடுத்து எந்தக் காலை எடுப்பதென்று தெரியாமல் தடுமாறுகிறார்கள். இணையின் பாதத்தை மிதிப்பதும் இதனால்தான். முதல் வாரம் முழுதும் பாடலைப் போட்டுக்கொண்டு, பக்கத்தில் வைத்துச் சேர், மறுபக்கத்தில் வைத்துச் சேர் என்று இதை மட்டும் செய்யுங்கள்.

இந்த அடியைத்தான் நான் தாய் அடி என்று சொல்லிக்கொடுப்பேன். எட்டுத் தட்டுக்குள் அடங்கி, எந்த அசைவிலிருந்தும் இதற்கு வரலாம், இதிலிருந்து எந்த அசைவுக்கும் போகலாம்.

பிடியில் இரண்டு கைகளும் தளர்ந்து தொங்கக் கூடாது, இரும்பாக இறுகவும் கூடாது. இருவரும் உள்ளங்கைகளைச் சேர்த்து, ஒரு வாழைப்பழத்தை நசுக்காமல் நடுவில் பிடித்திருக்கும் அளவுக்கு ஒருவரை ஒருவர் மெல்ல அழுத்துங்கள். அந்த அழுத்தத்தின் வழியாகத்தான் நகர்வு தெரிகிறது. வழிநடத்துபவர் முன்னால் வரும்போது கையைத் தள்ளாமல் மார்பை நகர்த்தினால், எதிரில் இருப்பவரின் கால் தானாகவே பின்னால் போகும்.

சுழற்சிக்குத் தலைசுற்றலே எதிரி. உட்செவியிலுள்ள திரவம் நாம் நின்ற பிறகும் சற்று நேரம் நகர்ந்துகொண்டிருப்பதால்தான் உலகம் சுழல்வதாகத் தோன்றுகிறது. எதிரில் ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டு உடலை முதலில் திருப்பி, தலையைக் கடைசியாக விரைந்து திருப்பி மீண்டும் அதே புள்ளியைப் பிடிப்பது நடனக்காரர்களின் வழி. ஒன்றிரண்டு சுழற்சிக்கு மேல் வைக்காமல் இருப்பது மணமக்களுக்கு நல்ல வழி.

சாய்வு பலர் விரும்பிக் கேட்பது. அதில் ஒரு தவறான புரிதல் இருக்கிறது. சாய்பவரின் எடையை மற்றவர் கையால் தாங்குவதில்லை. சாய்பவர் தன் ஒரு காலை ஊன்றி, முழங்காலை மடக்கி, தன் எடையில் பெரும்பங்கைத் தானே தாங்குகிறார். தாங்குபவர் காலை அகட்டி, முழங்காலை மடக்கி, முதுகை நேராக வைத்துத் துணை நிற்கிறார். முதுகை வளைத்துக் குனிபவருக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும். மெத்தையின் ஓரத்தில் நின்று பழகுங்கள். தூக்கிச் சுற்றுவதைப் பொறுத்தவரை, முறையாகக் கற்றவர் அருகில் நின்று சொல்லிக்கொடுக்காமல் செய்யவே வேண்டாம்.

படி 6: பயிற்சியை வரிசைப்படுத்துங்கள்

முதல் 2 வாரம் தாய் அடி, நுழைவு, முடிவு. அடுத்த 3 வாரம் நடு அசைவுகள், வாரத்துக்கு இரண்டுக்கு மேல் புதிதாகச் சேர்க்காமல். ஆறாவது வாரத்தில் முழு ஆட்டத்தையும் நிறுத்தாமல் ஆட வேண்டும், எவ்வளவு மோசமாக வந்தாலும். ஏழாவது வாரம் ஆடையோடும் காலணியோடும். எட்டாவது வாரத்தில் புதிதாக எதையும் சேர்க்கக் கூடாது. எவ்வளவு நல்ல யோசனை வந்தாலும் அதை விட்டுவிடுங்கள்.

எப்போதும் தொடக்கத்திலிருந்தே ஆடிப் பழகினால் முதல் பத்து எட்டுகள் மெருகேறும், கடைசிப் பத்து எட்டுகள் பச்சையாகவே இருக்கும். ஆகவே ஒரு நாள் கடைசியிலிருந்து தொடங்குங்கள்: 30ஆவது எட்டு, பிறகு 29உம் 30உம், பிறகு 28இலிருந்து. இன்னொரு நாள் மூன்றாமவர் ஒருவர் பாடலின் ஏதோ ஓர் இடத்தில் ஒலிக்கவிட, நீங்கள் இருவரும் அங்கிருந்து பிடித்துக்கொள்ளுங்கள். நாங்கள் இதைப் 'பாதி வழியில் ஏறுவது' என்போம். இதற்குச் சிரமப்பட்ட அளவுக்கு மேடையில் நிம்மதி கிடைக்கும்.

வேகம் பிடிபடாத பகுதியை 0.75 வேகத்தில் ஒலிக்கவிட்டுப் பழகலாம். கண்ணாடியை முதல் சில வாரங்களுக்கு மட்டும் வைத்துக்கொண்டு பிறகு அதற்கு முதுகைக் காட்டி ஆடுங்கள். மேடையில் கண்ணாடி இருக்காது. வாரத்துக்கு ஒரு முறை கைப்பேசியில் படமெடுத்துப் பாருங்கள். பார்க்கும்போது ஒரு முறைக்கு ஒரே ஒரு குறையை மட்டும் குறித்துக்கொள்வது என்று இருவரும் உடன்பட்டுக்கொள்ளுங்கள். திருமண வேலைகளின் நடுவே பயிற்சி நேரம் சண்டை நேரமாக மாறிவிடக் கூடாது. ஆட்டம் நன்றாகத் தெரிந்தவர் மற்றவரைத் திருத்துவதை நிறுத்திவிட்டு, எண்ணிக்கையை உரக்கச் சொல்லும் வேலையை மட்டும் எடுத்துக்கொண்டால் பெரும்பாலான மனஸ்தாபங்கள் வருவதில்லை.

படி 7: ஆடையோடும் காலணியோடும் ஆடிப் பாருங்கள்

பயிற்சி உடையில் பறந்தவர்கள் திருமண உடையில் நடக்கவே தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். தரையைத் தொடும் ஆடையில் ஆபத்தான அடி பின்னால் வைக்கும் அடிதான். முன்னால் போகும்போது முழங்கால் துணியைத் தள்ளிக்கொண்டு போகும். பின்னால் போகும்போது குதிகால் விளிம்பின் மேல் இறங்கும், அடுத்த அடியில் அந்தத் துணி இடுப்பிலிருந்து இழுபடும். ஆகவே நீண்ட ஆடை அணிபவருக்குப் பின்னடிகளைக் குறைத்துப் பக்க அடிகளைக் கூட்டுங்கள். ஆடப்போகும் காலணியை அணிந்துகொண்டே விளிம்பை அளந்து, தரையிலிருந்து இரண்டு விரற்கடை மேலே நிற்குமாறு தைக்கச் சொல்லுங்கள். சேலையானால் கொசுவத்தை ஊக்கு குத்தி நிறுத்துவதோடு, ஒரு முறை குந்தி எழுந்தும் ஒரு முறை அகலக் கால் வைத்தும் சோதியுங்கள்.

மேலங்கி அணிபவர் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிப் பார்க்க வேண்டும். தோள் இறுக்கமாக இருந்தால் இணையைக் கைக்குக் கீழே சுழலவிடும்போது கை பாதியில் நின்றுவிடும். கண்ணாடிக் கற்களும் கொக்கிகளும் உள்ள நகைகள் எதிராளியின் துணியில் எங்கே மாட்டுகின்றன என்று நெருங்கி நின்று பார்த்துவிடுங்கள்.

உண்மையான ஆடையைப் பயிற்சிக்குக் கொண்டுவர முடியாதென்றால், அதே நீளமும் கிட்டத்தட்ட அதே கனமும் உள்ள பழைய துணியைச் சுற்றிக்கொண்டு ஆடுங்கள். காலணிக்கு அந்தச் சலுகை கிடையாது. அதையேதான் அணிந்து, குறைந்தது 4 பயிற்சிகளில் ஆடியிருக்க வேண்டும். புதிய தோல் அடிப்பாகம் வழுக்கும்; சொரசொரப்பான தரையில் சிறிது நேரம் நடந்தால் பிடிப்பு வரும். ரப்பர் அடிப்பாகமோ பிடித்துக்கொள்ளும்; பாதம் நின்றுவிட, உடல் திரும்ப, முறுக்கெல்லாம் முழங்காலில் இறங்கும். ரப்பர் காலணியில் சுழல வேண்டுமானால் பாதத்தை ஊன்றித் திருப்பாமல் சின்னச் சின்ன அடிகளாக எடுத்து வைத்துத் திரும்புங்கள். உயரமான குதி உள்ளதென்றால் பின்புறப் பட்டை இருக்கிற வகையையே தேர்ந்தெடுங்கள்.

படி 8: இடத்தையும் ஒலியையும் நேரில் பாருங்கள்

ஆடும் இடத்தின் நீள அகலத்தை அடியால் அளந்து, அதே அளவை வீட்டுத் தரையில் ஒட்டுநாடாவால் குறித்துக்கொள்ளுங்கள். மேடையில் நாற்காலியும் அலங்காரமும் வைத்த பிறகு மீதியிருக்கும் இடம் எவ்வளவு என்று கேட்டு அளப்பது முக்கியம். வெறும் மேடையின் அளவு ஏமாற்றும். கம்பள விரிப்பானால் அதன் ஓரங்களை ஒட்டச் சொல்லுங்கள், சுழற்சியையும் குறைத்துவிடுங்கள். மேடை விளிம்பில் வெளிர்நிற நாடா ஒட்டியிருக்கட்டும். எதிரிலிருந்து விளக்கு அடிக்கும்போது விளிம்பு கண்ணுக்குத் தெரியாது.

ஒலி காற்றில் விநாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்கிறது. பெரிய கூடத்தின் மறுமுனையில், 34 மீட்டர் தொலைவில் ஒலிபெருக்கி இருந்தால் தட்டு உங்களை வந்தடைய விநாடியில் பத்தில் ஒரு பங்கு தாமதமாகும். அதனால் மட்டும் ஆட்டம் கெடாது. ஆனால் அருகிலுள்ள பெட்டியும் தொலைவிலுள்ள பெட்டியும் சேர்ந்து ஒலிக்கும்போது தட்டு இரட்டையாகக் கேட்டுக் குழப்பும். உங்கள் பக்கம் திருப்பிய ஒரு பெட்டியை வைக்கச் சொல்லி, அதை மட்டும் கேட்டு ஆடுங்கள். கோப்பை முன்கூட்டியே கொடுத்து, அந்த ஒலிக்கருவியிலேயே தொடக்கம் முதல் முடிவு வரை ஒரு முறை ஒலிக்கவிட்டுக் கேட்டுவிடுவது அவசியம்.

படி 9: தவறியபின் ஆடப் பழகுங்கள்

என் தங்கையின் வரவேற்பில் நடந்ததைச் சொல்கிறேன். வெட்டிய பாடலும் முழுப் பாடலும் ஒரே பெயரில் ஒரே பென்டிரைவில் இருந்தன. ஒலி அமைப்பாளர் முழுப் பாடலை ஒலிக்கவிட்டார். பல்லவி முடிந்து, நாங்கள் வெட்டி எறிந்திருந்த நீண்ட வயலின் இடையிசை தொடங்கியபோது நான் கூட்டத்தில் நின்றுகொண்டு செய்வதறியாமல் கையைப் பிசைந்தேன். தங்கையின் முகம் ஒரு கணம் வெளுத்தது. மாப்பிள்ளை அவள் கையை ஒரு முறை அழுத்தினார். இருவரும் தாய் அடிக்கு வந்து, பக்கம், சேர், பக்கம், சேர் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு அந்த இடையிசை முழுவதும் ஆடினார்கள். சரணம் வந்ததும் தெரிந்த இடத்தில் ஏறிக்கொண்டார்கள். அந்த 40 விநாடிதான் ஆட்டத்தில் மிக அழகு என்று பிறகு பலர் சொன்னார்கள். அதில் தவறு நடந்தது அவர்களுக்குத் தெரியவே தெரியாது.

இதைத் தற்செயலுக்கு விடாமல் பயிற்சியாக்குங்கள். ஆறாவது வாரத்திலிருந்து ஒவ்வொரு பயிற்சியிலும் ஒருவர் வேண்டுமென்றே ஓரிடத்தில் தவற வேண்டும். எங்கே என்று மற்றவருக்குச் சொல்லக் கூடாது. கையை ஒரு முறை அழுத்தினால் 'தாய் அடிக்கு வா' என்று பொருள்; இரண்டு முறை அழுத்தினால் 'அடுத்த எட்டில் ஏறு'. மன்னிப்புக் கேட்கும் முகபாவமும், நாக்கைக் கடிப்பதும், நின்று சிரிப்பதும் கூடாது என்பதையும் இங்கேயே பழகிவிடலாம்.

உறவினர்களும் நண்பர்களும் சேர்ந்து ஆடுவதானால்

குழு ஆட்டத்தில் எட்டுப் பேருக்கு எட்டு விதத் திறமை இருக்கும். எளிய அசைவைச் சேர்ந்து செய்வது, கடின அசைவைச் சிதறிச் செய்வதைவிட எப்போதும் நன்றாக இருக்கும். நன்றாக ஆடுபவர்களை முன் வரிசையில் அடைக்காமல் இரு ஓரங்களிலும் நடுவிலும் பிரித்து நிறுத்துங்கள்; மற்றவர்கள் எந்தப் பக்கம் திரும்பினாலும் பார்த்து ஆட ஒருவர் கண்ணில் படுவார். வயதானவர்களுக்கும் குழந்தைகளுக்கும் பாடலில் தனியாக 4 எட்டுகள் கொடுத்து, அவர்கள் வந்து ஆடிவிட்டு ஓரமாக நிற்கும்படி அமைத்தால் அவர்களுக்கும் சிரமமில்லை. வெவ்வேறு ஊர்களில் இருப்பவர்கள் காணொளி பார்த்துக் கற்பதானால், சொல்லிக்கொடுப்பவர் கேமராவுக்கு முதுகைக் காட்டி ஆடிய காணொளியை அனுப்புங்கள். முன்பக்கம் காட்டி ஆடினால் பாதிப் பேர் வலத்தை இடமாகக் கற்றுக்கொண்டு வருவார்கள். நேரில் கூடும் முதல் ஒத்திகையில் அடிகளைத் திருத்துவதைவிட யார் எங்கே நிற்பது என்பதற்கே பாதி நேரத்தைச் செலவிடுங்கள்.

படி 10: அன்றைய நாள்

ஆடுவதற்கு 15 நிமிடம் முன்பு இருவரும் கூட்டத்திலிருந்து விலகி ஓர் அறைக்குப் போய்விடுங்கள். கணுக்காலையும் தோளையும் சுழற்றி, நின்ற இடத்திலேயே முழங்காலை உயர்த்தி நடந்து, உடம்பைச் சூடாக்குங்கள். நெடுநேரம் இழுத்துப் பிடிக்கும் நீட்டல் பயிற்சிகளை ஆட்டத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். வயிறு நிறையச் சாப்பிட்டிருக்க வேண்டாம், வெறும் வயிறும் வேண்டாம். தாளில் எழுதியதை முழுதும் ஓட்டிப் பார்க்காமல் நுழைவை மட்டும் ஒரு முறை நடந்து பாருங்கள்.

படபடப்பில் நெஞ்சு வேகமாக அடிக்கும்போது பாடல் வழக்கத்தைவிட மெதுவாக ஒலிப்பதாகத் தோன்றும். அதனால் கால் தாளத்தை முந்தும். பயிற்சி நாட்களில் இரண்டு மாடி படியேறி இறங்கி, மூச்சு வாங்கும் நிலையில் ஆடிப் பழகியவர்களுக்கு இது புதிதாக இருக்காது. மேடையில் முந்துகிறோம் என்று தோன்றினால் அடிகளைச் சிறியதாக்குங்கள், மூச்சை நீளமாக வெளியே விடுங்கள்.

ஒலிக்கவிடும் பொறுப்பை உங்கள் பாடலை நன்கு அறிந்த ஒருவரிடம் ஒப்படையுங்கள். அவர் ஒலி அமைப்பாளரின் அருகில் நின்று, நீங்கள் இடத்துக்கு வந்து தலையசைத்த பிறகே சைகை கொடுக்க வேண்டும். அவர் கைப்பேசியிலும் அந்தக் கோப்பு இருக்கட்டும்.

கடைசித் தட்டு விழுந்த பிறகு அந்த நிலையிலேயே மனத்துக்குள் எட்டு வரை எண்ணுங்கள். பெரும்பாலோர் இரண்டு எண்ணுவதற்குள் கலைந்துவிடுகிறார்கள். புகைப்படக்காரருக்குக் கிடைப்பது பாதி கலைந்த உருவம்தான். எட்டு முடிந்ததும் சாய்ந்திருப்பவரை நிமிர்த்தி, சமநிலை வந்துவிட்டதா என்று ஒரு நொடி பார்த்துவிட்டு, கையை விடாமல் ஒத்திகையில் தீர்மானித்த பக்கமாக இறங்குங்கள். படி இருந்தால் நீண்ட ஆடை அணிந்தவர் ஒரு கையால் விளிம்பைத் தூக்கிக்கொள்ள, மற்றவர் ஒரு படி முன்னால் இறங்கட்டும்.